சுத்தம் போதுமா, நாசில் சர்வீஸா, புதுசா: பழைய டீசல் காரின் இன்ஜெக்டர் கணக்கு

என்னுடையது 2009 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,80,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டது. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். ஈரோட்டிலிருந்து பெருந்துறை வரை ஓட்டி, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் நான்கைந்து முறை செல்ஃப் அடிக்க வேண்டும். ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும்.

மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் டேங்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் நாலு நாசிலையும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனை) கழற்றி சர்வீஸ் பண்ணணும் என்றார். மூன்றாவது இடத்தில் நான்கு புது இன்ஜெக்டருக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியை விற்றால் வரும் காசில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அது. மூன்று பேரும் ஒரு விதத்தில் சரிதான். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குப் பொருந்தும். ஆனால் மூவரில் ஒருவர்கூட எதையும் அளந்து பார்க்கவில்லை.

முதலில், எந்த வகை வண்டி?

பழைய இண்டிகா டீசல், அம்பாசடர், குவாலிஸ் போன்றவற்றில் இருப்பது மெக்கானிக்கல் நாசில். பம்பு டீசலைத் தள்ளும், அழுத்தம் ஓர் அளவுக்கு ஏறியதும் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு ஊசி திறக்கும், டீசல் பீய்ச்சும். இண்டிகா மாதிரி எஞ்சின்களில் அந்த அளவு ஏறக்குறைய 120 முதல் 150 பார் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). உள்ளே கரண்ட் வேலை எதுவும் கிடையாது.

1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த காமன் ரெயில் முறை வேறு சங்கதி. அதே ஃபியட் குடும்பத்தின் 1,248 சிசி மல்டிஜெட் எஞ்சின்தான் 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்தது. டிசையர், ரிட்ஸ், புன்டோ, இண்டிகா விஸ்டா என்று நம் ஊர்ச் சாலைகளில் பாதியை அதுவே ஓட்டியது. இதில் ரெயிலுக்குள், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான தடித்த குழாய்க்குள், 1,400 பார் வரை அழுத்தம் எப்போதும் தயாராக இருக்கும். எப்போது திறப்பது, எத்தனை மைக்ரோ செகண்ட் திறந்து வைப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சத்தத்தைக் குறைக்க முதலில் ஒரு சின்னப் பீய்ச்சல் விடுமே, அதன் அளவு ஒன்றிரண்டு கன மில்லிமீட்டர்தான். மருந்துச் சொட்டு ஒன்றை ஐம்பதாகப் பிரித்தால் வரும் அளவு அது.

தேய்மானத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி 40 கிலோமீட்டர் வேகம், 2,000 ஆர்பிஎம் என்று வைத்தால், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் ஒவ்வொரு இன்ஜெக்டரும் 22 கோடித் தடவைக்கு மேல் வேலை செய்திருக்கும். அந்தச் சின்னப் பீய்ச்சலைத் தனியாக எண்ணினால் இன்னும் கூடுதல். ஊசிக்கும் அதன் உறைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். அது தேயத்தான் செய்யும். இந்தத் தேய்மானத்தை எந்தத் திரவத்தாலும் சரி செய்ய முடியாது.

நான்கு பாட்டில் சோதனை

பவானி ரோட்டுப் பக்கம் பம்பு நாசில் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோனதும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "அளந்து பாக்காம கழட்டக் கூடாதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடை சலைன் டியூப்பை நான்கு துண்டாக வெட்டினார். இன்ஜெக்டர் தலையில், மீதி டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் மாட்டும் இடத்தில் ஒவ்வொன்றாகச் செருகி, மறுமுனைகளை ஒரே அளவான நான்கு இருமல் மருந்து பாட்டில்களுக்குள் விட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டோம். மூன்று பாட்டில்களில் அடியில் ஒரு விரற்கடை டீசல். இரண்டாவது சிலிண்டர் பாட்டில் மட்டும் முக்கால் வாசிக்கு நிறைந்திருந்தது.

என் வண்டியின் நோய் இதுதான். அந்த ஒரு இன்ஜெக்டரின் வால்வு தேய்ந்து, பீய்ச்ச வேண்டிய அழுத்தம் ரிட்டர்ன் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் சுமார் 200 பாராவது ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. சூடானால் டீசல் இளகும், ஒழுகல் கூடும். அதனால்தான் டீக்கடையில் தகராறு செய்த வண்டி காலையில் ஒழுங்காகப் பிடித்தது. இதற்கு நேர்மாறாக, குளிர்ந்த எஞ்சின் மட்டும் அடம்பிடித்தால் ஹீட்டர் பிளக்கையும் பேட்டரியையும் முதலில் பாருங்கள். இன்ஜெக்டர் மேல் பழி போட்டுக் காசை இழந்தவர்கள் நிறையப் பேர்.

இந்தச் சோதனைக்குப் பெரிய செலவே கிடையாது. ரிட்டர்ன் குழாயில் அழுத்தம் குறைவு, அதைத் தொடலாம். ஆனால் ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கு வரும் இரும்புக் குழாயை வண்டி ஓடும்போது யாரும் தளர்த்தவே கூடாது. பழைய இண்டிகாவில் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்த்த கை, அதே பழக்கத்தில் இங்கேயும் போகும். ஆயிரம் பாருக்கு மேல் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. எங்கே கசிகிறது என்று கையால் தடவியும் பார்க்கக் கூடாது, அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்தல்

இதில் மூன்று தரம் உண்டு. டேங்கில் ஊற்றும் பாட்டில், ஃபில்டர் இருக்கும் இடத்தில் மருந்து டப்பாவை இணைத்து எஞ்சினை ஓட்டுவது, கழற்றி எடுத்து அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவது.

நாசில் முனையில் கரி படிந்து டீசல் மூடுபனியாகப் பிரியாமல் கோடாக விழுந்தால் சுத்தம் உதவும். உள்ளே மெழுகு மாதிரிப் படலம் பிடித்து ஊசி சோம்பினாலும் உதவும். நகரத்துக்குள் மட்டும் ஓடி, எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். மருந்து ஊற்றும் முன் ஒரு நாள் சேலம் பைபாஸில் மூன்றாவது, நான்காவது கியரில் நன்றாக இழுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கறும்புகை குறைந்தால், கரி மட்டுமே பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரிட்டர்ன் ஒழுகலுக்குச் சுத்தம் பயன்படாது. முனை சொட்டுவதற்கும் பெரும்பாலும் அப்படித்தான். பாட்டில் ஊற்றியதும் 'வண்டி ஸ்மூத் ஆயிடுச்சு' என்று சொல்பவர்களை நான் சந்தேகிக்கவில்லை, அவர்களுடைய வண்டியில் இருந்தது கரியாக இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் அனுமதிக்கவே கூடாது. கம்பி பிரஷ்ஷாலும் எமரி பேப்பராலும் நாசில் முனையைத் தேய்ப்பது. அந்தத் துளைகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு போல இருக்கும். விளிம்பு சிதைந்தால் பீய்ச்சும் கோணமே மாறிவிடும். சில வருடம் முன்பு ஒரு கடையில் என் கண் முன்னாலேயே அப்படித் தேய்த்தார்கள். பளபளவென்று இருந்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். எட்டே மாதத்தில் புகை முன்பைவிடக் கூடிவிட்டது.

நாசில் சர்வீஸ், அதாவது ரீகண்டிஷன்

மெக்கானிக்கல் வகைக்கு இது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய முடிவு. என் சித்தப்பாவின் 2004 இண்டிகாவுக்கு நாலு நாசில் முனையும் மாற்றினோம். கை பம்பு வைத்த டெஸ்டரில் மாட்டி, மீட்டர் முள் ஏறி டக்கென்று திறக்கும் அழுத்தத்தைப் பார்த்து, ஸ்பிரிங் மேல் ஷிம் என்ற மெல்லிய தகட்டைச் சேர்த்தோ எடுத்தோ நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். வேலை அரை நாள். நல்ல நாசில் திறக்கும்போது கர்ர்ரென்று ஓர் அதிர்வுச் சத்தம் வரும், முனை ஈரமில்லாமல் நிற்கும். கெட்டது சத்தமில்லாமல் வழியும். பக்கத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் புரியும். இந்த வகைக்கு முழு இன்ஜெக்டரையும் புதிதாக வாங்குவது வீண் செலவு.

காமன் ரெயிலில் 'சர்வீஸ் பண்ணிட்டோம்' என்ற ஒரே வார்த்தைக்குள் பல தரம் ஒளிந்திருக்கிறது. கழுவி, ரப்பர் ரிங் மாற்றித் தருபவரும் அதைத்தான் சொல்வார். முழு வேலை என்றால் நாசில், கன்ட்ரோல் வால்வு, அதன் மேல் உட்காரும் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சிறிய குண்டு, சீல்கள் எல்லாம் மாற வேண்டும். வால்வைத் திறக்க மின்காயில் இழுக்கும் ஆர்மேச்சர் எவ்வளவு எழும்புகிறது என்பதை மைக்ரான் கணக்கில் ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி முழு லோடு, ஐட்லிங், சின்னப் பீய்ச்சல், ரிட்டர்ன் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். அந்த அளவுகள் அச்சடித்த தாளாகக் கைக்கு வர வேண்டும். தாள் தர முடியாது என்றால் அந்தக் கடையில் காமன் ரெயில் வேலை கொடுக்காதீர்கள், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

உதிரிப் பாகத்தின் அசல் போலி இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெட்டி, எண், ஹோலோகிராம் எல்லாம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அசல் வால்வும் நாசிலும் போட்டு முழுசாகச் செய்தாலும், எனக்குச் சொன்ன விலைகளில் ஒரு இன்ஜெக்டருக்குப் புதுசில் பாதிக்கும் கீழேதான் ஆனது. பெரியவர் நான்கையும் பெஞ்சில் ஏற்றினார். இரண்டாவதுக்கு வால்வும் நாசிலும், மற்ற மூன்றுக்கும் வயதைப் பார்த்து நாசில் மட்டும் என்று முடிவானது.

காயிலுக்குப் பதில் கரண்ட் பட்டால் நீளும் படிகத்தால் இயங்கும் பீசோ வகை இன்ஜெக்டர் என்றால் கதை மாறும். அதைப் பிரித்து நம்பகமாகச் சரிசெய்யும் வசதி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

புதுசு

காயில் கருகிப்போனால், உடம்பில் விரிசல் விட்டால், ஹெட்டிலிருந்து இழுத்து எடுக்கும்போது உடைந்தால் புதுசுதான். தண்ணீர் போய் உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தாலும் அப்படியே. ஒன்றைப் போட்டால் நான்கையும் போட்டாக வேண்டும் என்பது காமன் ரெயிலில் கட்டாயமில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகத் திருத்திக்கொள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதற்காகத்தான் இன்ஜெக்டர் தலையில் ஒரு குறியீட்டு எண் பொறித்திருக்கிறது. எந்த இன்ஜெக்டர் எந்தச் சிலிண்டர் என்று ஸ்கேனரில் அதை ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு 'புதுசு போட்டும் உதறுது' என்று வருகிறவர்கள் உண்டு.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பழைய இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கும். பெஞ்சில் ஏற்றிக் காட்டினால் ரீகண்டிஷன் செய்வதற்கான உடம்பாக வாங்கலாம். அப்படியே எடுத்துவந்து மாட்டுவது, யாரோ ஒருவருடைய 22 கோடித் தடவையை நம் தலையில் ஏற்றிக்கொள்வது.

எதைச் செய்தாலும்

காரணத்தை விட்டுவிட்டு இன்ஜெக்டரை மட்டும் பார்த்தால் காசு மறுபடி போகும். கழற்றிய டீசல் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மினுமினுவென்று இரும்புப் பொடி தெரிந்தால் ஹை பிரஷர் பம்பு அரைகிறது. பம்பு, ரெயில், டேங்க் எல்லாம் பார்க்காமல் நான்கு புது இன்ஜெக்டர் போட்டாலும் அதே பொடி அவற்றையும் தின்றுவிடும். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய பழக்கம் பம்பை இப்படித்தான் கொல்லும், ஏனென்றால் பம்புக்கு டீசலே ஆயில். ஃபில்டர் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

காப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். பழையது ஹெட் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து எடுக்காமல் மேலே புதுசைப் போட்டால் நாசில் முனை உயர்ந்து நிற்கும், கரி கக்கும். சரியாக உட்காராத இன்ஜெக்டர் சுக் சுக்கென்று சத்தம் போடும், சுற்றிலும் தார் மாதிரிக் கருப்பு படியும்.

ஆயில் குச்சியையும் பாருங்கள். அளவு குறையாமல் கூடிக்கொண்டே போய், ஆயில் தண்ணியாக டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம், டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். சொட்டும் முனை பிஸ்டன் தலையை உருக்கி ஓட்டை போட்டுவிடும்.

15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகிறவர்களுக்குப் புகை சோதனையும் இருக்கிறது. பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதி)-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு, புகையின் அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65, பிஎஸ் 4 வண்டிக்கு 50. கரி மட்டும் என்றால் சுத்தம் செய்து போனாலே தேறும். தேய்மானம் என்றால் அன்றைக்குத் தேறினாலும் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

என் வண்டியை மாட்டி முடித்ததும் பெரியவர் அதே சலைன் டியூப், அதே நான்கு பாட்டில்களை மறுபடி வைத்தார். மூன்று நிமிடம் கழித்து நிறுத்தி, பாட்டில்களைத் திண்ணையில் வரிசையாக வைத்துக் குனிந்து பார்த்தோம். நான்கிலும் டீசல் ஒரே கோட்டில் நின்றது. பெஞ்ச் தாளை மடித்து ஆர்சி கவருக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் பெருந்துறை டீக்கடையில் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

ஒரே செல்ஃப்.