மேர அனுப்பின ஸ்டாலியன் சர்வீஸ்: குட்டிங்கள பாத்துட்டு குடுக்கற ரேட்டிங்

எங்க மேர (பெண் குதிரைய) சினைக்காக ஒரு ஸ்டாலியன்கிட்ட (இனப்பெருக்கத்துக்கு வச்சிருக்கற ஆண் குதிரை) அனுப்பினோம், அந்த சர்வீஸுக்கு என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. குதிரைக்கு மட்டும்னா நாலுக்கு மேலயே குடுப்பேன், ஆபீஸ்காரங்களால தான் குறைஞ்சுது. ஸ்டட் (குதிரை இனப்பெருக்க பண்ணை) பேரும் ஸ்டாலியன் பேரும் போடல, அங்க வேலை செய்யற சயீஸ்ங்க (குதிரைய பாத்துக்கறவங்க) நல்லவங்க, அவங்க பொழப்புக்கு என்னால ஒரு தொந்தரவு வர வேணாம். ஆனா நம்ம பெங்களூர்ல என்னை மாதிரி நாலு பேர் பங்கு போட்டு ஒரு மேர் வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி எத பாக்கணும்னு சொல்லணும்னு தோணுச்சு.

நான் அல்சூர்காரன். அப்பா நம்ம ரேஸ் கோர்ஸ் ஸ்டேபிள்ல முப்பது வருஷம் சயீஸா இருந்தவரு. எங்க மேர் ஓடற காலத்துல 1600 மீட்டர் தாண்டினா தான் அவளுக்கு வேகமே வரும், ஸ்டார்ட்ல ரொம்ப மெதுவு, குணம் தங்கம். குறைன்னா முன்னங்கால் தான், கேனன் எலும்பு முட்டிக்கு நேர் கீழ இல்லாம கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி இருக்கும். அதனால வேகமும் குடுக்கணும் முட்டியும் நேரா குடுக்கணும், அப்படி ஒரு ஸ்டாலியன் தேடினோம்.

ஆபீஸ்ல ஃபோன் பண்ணா அவங்க அனுப்பினது எல்லாம் ஸ்டாலியன் ஜெயிச்ச ரேஸ் லிஸ்டும் போட்டோவும் தான். அப்பாகிட்ட காட்டினேன், "அவன் ஓடினத விடுப்பா, அவன் புள்ளைங்க எப்படி நிக்குது எப்படி நடக்குதுன்னு போய் பாத்துட்டு வா"ன்னாரு. ரஸீன்னு ஒரு குதிரையோட கதை அவருக்கு மனப்பாடம். பேர் போன நார்தன் டான்ஸர்ங்கற குதிரையோட மகன், 1990ல இங்கிலாந்து எப்சம் டெர்பி ரேஸ்ல ஃபேவரிட்டா இறங்கி ரொம்ப பின்னாடி முடிச்ச குதிரை, அதே குதிரை உஷா ஸ்டட்டுக்கு வந்து பல வருஷம் இந்தியாவோட சாம்பியன் சயரா (புள்ளைங்க ஜெயிச்ச கணக்குல முதல் இடத்துல இருக்கற அப்பனா) இருந்துச்சு. அந்த டெர்பிய மட்டும் பாத்தவன் அதுக்கு மேர் அனுப்பிருப்பானா? நார்தன் டான்ஸரையே இயர்லிங்கா (ஒரு வயசு குட்டியா) இருக்கும்போது குள்ளம்னு சொல்லி 25,000 டாலருக்கு எடுக்க ஆள் வரல. சிகார்னு ஒரு அமெரிக்க குதிரை தொடர்ந்து 16 ரேஸ் ஜெயிச்சது, ஸ்டட்டுக்கு போனா ஒரு மேர் கூட சினை பிடிக்கல. செக்ரட்டேரியட்னு இன்னொரு அமெரிக்க குதிரை 1973ல பெல்மான்ட் ரேஸ 31 லெங்த்ல (31 குதிரை நீள இடைவெளில) ஜெயிச்சது, அதோட ஆண் புள்ளைங்கள்ல அப்பன் மாதிரி ஒண்ணும் வரலன்னு ஜனங்களுக்கு ஏமாத்தம், ஆனா பொண்ணுங்க வயித்துல பின்னாடி பெரிய சயரா பேர் வாங்கின ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் மூணும் பொறந்துச்சு. அத தெரிஞ்சுக்க எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க.

சரின்னு நேர்ல போனேன். ஆபீஸ்ல மூணே மூணு இயர்லிங்க நல்லா குளிப்பாட்டி நிக்க வச்சு காட்டினாங்க. மத்ததெல்லாம் பாக்கணும்னு கேட்டா இன்னைக்கு முடியாதுன்னாங்க, இதுக்கு தான் முதல்ல அரை ஸ்டார் போச்சு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆம்பூர் பக்கத்து பெரியவர் ஒருத்தர், அப்பா பேர சொன்னதும் அடையாளம் தெரிஞ்சு, "வா தம்பி, நான் காட்டறேன்"னு பின்னாடி பேடாக்குக்கு (குதிரைங்க மேயற வேலி போட்ட இடத்துக்கு) கூட்டிட்டு போனாரு. அந்த ரெண்டு மணி நேரம் தான் இந்த ரிவியூவே.

முதல்ல நடை. தண்ணி தெளிச்ச மண்ணுல நடக்க விட்டு பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்த தாண்டி விழுதான்னு பாத்தோம், கிட்டத்தட்ட எல்லா குட்டியும் நல்லா தாண்டி வச்சுது, அம்மாங்க வேற வேறயா இருந்தும் நடை மட்டும் ஒரே அச்சு. அது அப்பன் குடுத்தது, சந்தேகமே இல்ல. தோள்பட்டை சாய்வும் அப்படியே. பக்கவாட்டுல நின்னு பாத்தா முட்டி பின்னாடி வளைஞ்ச குட்டி ஒண்ணு கூட இல்ல, எனக்கு அது பெரிய நிம்மதி, ஏன்னா முட்டி முன்னாடி கொஞ்சம் வளைஞ்சா கூட பல குதிரை ஓடிரும், பின்னாடி வளைஞ்சா வேகமா ஓடும்போது பாரம் முழுக்க முட்டி எலும்பு மேல போய் சின்ன சின்ன சில்லு உடையும்.

இங்க பெரியவர் சொன்ன ஒரு விஷயத்த கண்டிப்பா எழுதணும். ஒரு கோல்ட்டுக்கு (ஆண் குட்டிக்கு) கால் ரூல் வச்சு கோடு போட்ட மாதிரி இருந்துச்சு, நான் அசந்துட்டேன். அவர் குனிஞ்சு முட்டி பக்கம் தடவி ஒரு சின்ன தழும்ப காட்டினாரு, குட்டியா இருக்கும்போது ஸ்க்ரூ போட்டு நேராக்கின கால். தப்பு இல்ல, அந்த குட்டிக்கு நல்லது தான், ஆனா ஸ்டாலியன் எடை போடறதுக்கு அந்த கால கணக்குல சேர்க்க கூடாது, ரத்தத்துல இருக்கற கோணல் ஸ்க்ரூல போகாது. லாடக்காரர் குளம்ப சீவியே பாதத்த திருப்பி வச்சிருப்பாரு, அதையும் கேக்கணும். ரெண்டு மாச குட்டி கால வச்சும் முடிவு பண்ணாதீங்க, வளர வளர மாறும்.

அடுத்தது அம்மாங்க. குட்டி நல்லா இருக்குன்னா பாதி அவ குடுத்தது. பேர் வாங்கின ஸ்டாலியனுக்கு முதல் வருஷம் பெரிய முதலாளிங்க நல்ல மேரா அனுப்புவாங்க, குட்டிங்க ஜெயிச்சா பேரெல்லாம் அப்பனுக்கு. வெளிநாட்டுல இதுக்கு ரெண்டு நம்பர் வச்சிருக்காங்க, ஒண்ணு ஸ்டாலியனோட புள்ளைங்க சராசரிக்கு எவ்வளவு மேல சம்பாதிக்குதுன்னு, சராசரின்னா 1. இன்னொண்ணு அதே மேருங்க மத்த ஸ்டாலியனுக்கு பெத்த புள்ளைங்க எவ்வளவு சம்பாதிக்குதுன்னு. முதல் நம்பர் ரெண்டாவத விட பெருசா இருந்தா தான் அந்த ஸ்டாலியன் மேர தூக்கி விடுதுன்னு அர்த்தம். நான் அத நோட்டுல கையால பண்ணேன், ஒவ்வொரு குட்டிக்கும் அம்மா பேர், அவளோட மத்த குட்டிங்க என்ன பண்ணுச்சுன்னு பழைய ரேஸ் புக்க புரட்டி எழுதினேன். சாதாரண மேருங்க கூட இவனுக்கு பெத்தது அவங்க முன்னாடி பெத்தத விட ஒரு கிளாஸ் மேல ஓடிருக்கு. குதிரைக்கு மட்டும்னா நாலுக்கு மேல குடுப்பேன்னு சொன்னதுக்கு காரணம் இது ஒண்ணு தான்.

குறையும் சொல்லணும். இவன் புள்ளைங்க சூடு, சீக்கிரம் பதட்டப்படற குணம். நம்ம ரேஸ் கோர்ஸ் பேடாக்ல (ரேஸுக்கு முன்னாடி குதிரைங்கள நடத்தி காட்டற இடத்துல) ரெண்டு சீசன் நின்னு கவனிச்சேன், ரேஸுக்கு முன்னாடியே பின்தொடை நடுவுல நுரை தள்ளி வேர்த்து பாதி தெம்ப அங்கயே விட்டுட்டு போகுதுங்க. 1400 வரைக்கும் பறக்குது, அதுக்கு மேல கால் நின்னுடுது. மயோஸ்டாட்டின்னு ஒரு ஜீன் இருக்கு, குதிரை எவ்வளவு தூரம் ஓடும்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு 2010ல அயர்லாந்துல கண்டுபிடிச்சாங்க, அதுல சி, டின்னு ரெண்டு வகை, அப்பன்கிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு வரும், சி ரெண்டு இருந்தா குறைஞ்ச தூர குதிரை, டி ரெண்டு இருந்தா நீண்ட தூரம், ஒண்ணு ஒண்ணு இருந்தா நடுத்தரம். இவனுக்கு ரெண்டும் சி-யா தான் இருக்கும்னு என் ஊகம், எங்க மேருக்கு ரெண்டும் டி-யா இருந்தா பொறக்கறது எல்லாம் நடுத்தரம், எங்களுக்கு வேண்டியதும் அது தான்.

சர்வீஸ் பத்தி சுருக்கமா. தரோபிரெட்ல (ரேஸ் குதிரை இனத்துல) ஊசி போட்டு சினை பிடிக்க வைக்க அனுமதி கிடையாது, மேர் நேர்லயே போகணும், அதனால ஃப்ளோட் (குதிரைய ஏத்தற வண்டி) வாடகை, அங்க தங்கற செலவு எல்லாம் கூடும், முன்னாடியே கணக்கு போடுங்க. டாக்டர் நல்லவர், ஸ்கேன் பண்ணி சரியான நாள்ல கவரிங் (ஸ்டாலியனோட சேர்க்கறது), பதினஞ்சாம் நாள் திரும்ப ஸ்கேன் பண்ணி ரெட்டை இல்லன்னு உறுதி பண்ணாரு. முதல் தடவை நிக்கல, அடுத்த சுத்துல நின்னுச்சு. ஆனா ஆபீஸ்ல இருந்து ஒரு ஃபோன் வராது, நாம தான் நாலு தடவை கூப்பிடணும், மேர் திரும்பி வரும்போது விலா எலும்பு தெரிஞ்சுது, எனக்கு மனசு ஆறவே இல்ல, மீதி ஸ்டார் போனது அதுக்கு.

பதினோரு மாசத்துல ஃபில்லி (பெண் குட்டி) பொறந்துச்சு, இப்ப இயர்லிங். முட்டி அம்மாவ விட நல்லா இருக்கு, முழுசா நேர் இல்ல. நடை அப்படியே அப்பன். ஃப்ளோட்ல ஏத்தினா கொஞ்சம் வேர்க்கறா, ஆனா தலைய தடவி பேசினா அடங்கிடறா, அது அம்மா குடுத்தது. அப்பா தினமும் வீடியோ கேட்டு பாக்கறாரு, போன வாரம் பின்னங்கால் தடத்த ஸ்கேல் வச்சு அளந்து அனுப்ப சொன்னாரு.

மேர் மறுபடியும் அதே ஸ்டாலியனுக்கு சினையா இருக்கா. சிவாஜிநகர்ல ஒரு நண்பர் அவரோட மேரையும் இதுக்கு அனுப்பலாமான்னு கேட்டாரு. அந்த மேர் ஓடற காலத்துல ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள்ள நிக்கவே மாட்டா, பேடாக்லயே பாதி தெம்பு போயிடும். வேணாம் அண்ணே, குணம் சாந்தமான புள்ளைங்கள குடுக்கற வேற குதிரையா பாருங்கன்னு சொல்லிட்டேன்.