கேப்ஸ்யூல் படம்: நாமே ஸ்கிரீன்ஷாட்டில் செய்வதா, ஓவியரிடம் கொடுப்பதா?

எங்கள் 'உப்பனாறு' கேமுக்கு ஸ்டீமில் (கணினி கேம்கள் விற்கும் இணையக் கடை) பக்கம் திறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குள் கடைப் படத்தை (கடையில் கேமுக்கு அட்டை மாதிரி நிற்பது, ஸ்டீமில் இதைக் கேப்ஸ்யூல் என்பார்கள்) ஒரு முறை அடியோடு மாற்றிவிட்டோம். முதலில் போட்டது கேமுக்குள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நானும் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மாமா பையனும் செய்தது. இப்போது இருப்பது பாண்டி முத்தியால்பேட்டையில் ஒரு ஓவியர் வரைந்தது. கடலூர், பாண்டி பக்கம் கேம் செய்கிற நண்பர்கள் "எதுக்குப் போகலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஓவியரிடம்தான் கொடுக்க வேண்டும். கைப்பட வரைந்தது அழகாக இருக்கும், கண்ணை இழுக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை நீட்டப் போவதில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது பராமரிப்பு, அதாவது படத்தைப் பிறகு வெவ்வேறு அளவுக்கும் அப்டேட்டுக்கும் மாற்றிக்கொள்வது.

முதலில் ஸ்கிரீன்ஷாட் வழி. காசு செலவில்லை, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். கேமராவைத் தாழ்வாக வைத்து, படகை நடுவில் நிறுத்தி, பெரிய அளவில் ரெண்டர் எடுத்து (கேம் காட்சியைப் படமாக்கி), மேலே ஒரு இலவச ஃபாண்டில் பெயரை எழுதினோம். முழுத் திரையில் பார்க்கும்போது நன்றாகவே இருந்தது. எங்களுடையது ராத்திரியில் நடக்கிற கேம், கடலூர் ஓ.டி. (முதுநகர்) பக்கம் உப்பனாற்றில் விளக்கு வைத்து மீன் பிடிக்கப் போகிற ஒரு கிழவரின் கதை. ஆகவே படம் முழுக்கக் கருநீலம். ஸ்டீமில் சின்ன கேப்ஸ்யூலை 462க்கு 174 பிக்சலில் ஏற்றச் சொல்கிறார்கள், ஆனால் தேடல் பட்டியல் மாதிரி இடங்களில் அது இன்னும் சுருங்கும், சில இடங்களில் 120க்கு 45 வரைக்கும் போகும். சாதாரண மானிட்டரில் அது ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலம்தான். அந்த அளவில் எங்கள் படகும் தெரியவில்லை, கிழவரும் தெரியவில்லை, ஒரு கறுப்புப் பட்டைதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த படங்களில் எழுத்தாவது படிக்க முடிந்தது.

அப்புறம் ஓவியர். அவர் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தவர். (நம் ஊர்ப் பக்கம் ஓவியர் தேடுகிறவர்கள் அங்கே படித்து வெளியே வந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.) அவருடைய அப்பா திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் கடைகளுக்கு போர்டு எழுதியவர். எழுதி முடித்ததும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, பஸ் போகிற இடைவெளியில் படிக்க முடிகிறதா என்று பார்ப்பாராம். மகளும் அதையேதான் செய்தார். முதல் நாளே வண்ணம் எதுவும் போடாமல் கறுப்பு வெள்ளையில் ஆறு சின்னப் படங்கள் வரைந்து, போனில் நகம் அளவுக்குச் சுருக்கி என்னிடம் நீட்டி, "அண்ணா, இதுல எது படகுன்னு உடனே தெரியுது?" என்று கேட்டார். இரண்டில்தான் தெரிந்தது. இரண்டிலும் கிழவர் விளக்குக்கு முன்னால் நின்றார், வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் விளக்கை அவர் கையில் கொடுத்து முகத்துக்கு வெளிச்சம் அடித்திருந்தோம். சுருங்கும்போது முகம் காணாமல் போகும், உருவத்தின் ஓரக்கோடுதான் நிற்கும் என்று அவர் சொன்னது அந்தச் சின்னப் படத்திலேயே புரிந்துவிட்டது.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். கடைப் படம் என்றால் ஒரு படம் என்று நினைத்துத்தான் எல்லாரும் இறங்குகிறோம். ஸ்டீமுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஹெடர் 920க்கு 430, மெயின் 1232க்கு 706, நின்ற வாக்கில் 748க்கு 896, லைப்ரரிக்கு (வாங்கியவரின் கேம் பட்டியல்) 600க்கு 900, மேலே சொன்ன சின்னது, அப்புறம் லைப்ரரி ஹீரோ என்று 3840க்கு 1240இல் ஒரு நீளப் படம். அந்த ஹீரோவில் எழுத்தே இருக்கக் கூடாது, கேமின் பெயரைத் தனி லோகோவாகத்தான் கொடுக்க வேண்டும். ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று நிற்கிறது, ஒன்றில் எழுத்து வேண்டும், ஒன்றில் கூடாது. இட்ச் என்கிற இன்னொரு கேம் தளத்தில் போட்டால் அங்கே 630க்கு 500. ஒரே படத்தை வெட்டி வெட்டி இத்தனையும் செய்ய முடியாது. நிற்கிற படத்தில் கிழவர் கீழே இறங்கி வானம் உயர வேண்டும், சின்னதில் வானமே வேண்டாம், பெயர் பட்டை முழுக்க நிரம்ப வேண்டும். எழுத்து, ஆள், படகு, தண்ணீர், வானம் எல்லாம் தனித்தனி லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தனியாக மாற்றக்கூடிய படப் பகுதி) இருந்தால்தான் இது நடக்கும். எங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாம் ஒட்டிக்கிடந்தது. ஆறு மாதம் கழித்து மாமா பையன் படகின் மாடலையே மாற்றினான், அன்றைக்கே ஏழு படமும் பழசாகிவிட்டது, மறுபடி கேமரா, ரெண்டர், எழுத்து என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஓவியர் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஓவியரிடம் போனாலே இது தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இதற்கு முன் இட்சில் போட்ட ஒரு சின்ன கேமுக்கு வேறொருவரிடம் படம் வாங்கினோம். படம் அருமை. கையில் கிடைத்ததோ ஒரே ஒரு ஜேபெக், எழுத்தும் அதற்குள்ளேயே. லேயர் கோப்பைக் கேட்டபோது அது பேசியதில் இல்லை என்றார், அது உண்மையும்கூட, நாங்கள் கேட்டிருக்கவில்லை. அப்படிப்பட்ட ஓவியத்தைவிட நாமே எடுத்த ஸ்கிரீன்ஷாட் எவ்வளவோ மேல், அதையாவது மறுபடி எடுக்கலாம். அதனால் இந்த முறை விலை பேசும்போதே லேயர் கோப்பு, எழுத்து தனியாக, வானமும் தண்ணீரும் நான்கு பக்கமும் கூடுதலாக வரைந்தது என்று மூன்றையும் எழுதி வாங்கினோம். 15,000 ரூபாய், மூன்று வாரம்.

உரிமையையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்ளப்படும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஸ்டீமில் விற்கிற கேம் உலகம் முழுக்கப் போகிறது, எத்தனை வருஷம் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும். இரண்டு வரி சேர்த்தால் போதும், வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணா" என்று வந்த பதிலை நம்பி விட்டுவிட வேண்டாம்.

லேயர் கையில் இருப்பதன் அருமை அப்டேட் போடும்போது தெரியும். 2022 செப்டம்பரிலிருந்து ஸ்டீமில் வழக்கமான கேப்ஸ்யூலில் கேமின் பெயர், அதன் அதிகாரப்பூர்வத் துணைப்பெயர் தவிர வேறு எழுத்து கூடாது, விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி எதுவும் போட முடியாது. ஆனால் பெரிய அப்டேட் வரும்போது அதைச் சொல்கிற தற்காலிகப் படத்தை ஒரு மாதம் வரை வைக்கலாம். எங்கள் மழைக்கால அப்டேட்டுக்கு வான லேயரை மட்டும் மாற்றி மழைக்கோடு சேர்த்தோம், கிழவர் தலையில் ஒரு கோணி. அந்தக் கோணியை வரைய ஓவியருக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது, அதற்குத் தனியாகக் காசு கொடுத்தோம். மற்ற எல்லா அளவுகளையும் மாமா பையனே ஒரே ராத்திரியில் வெட்டிவிட்டான்.

ஸ்கிரீன்ஷாட் வழிக்கும் இடம் உண்டு. கடைப் பக்கத்துக்குள் குறைந்தது ஐந்து ஸ்கிரீன்ஷாட் கட்டாயம், அதுவும் நிஜமாக விளையாடும்போது எடுத்ததாக இருக்க வேண்டும். ஆகவே கேம் எப்படி இருக்கும் என்று காட்டுகிற வேலையை அவை பார்த்துக்கொள்ளும், கேப்ஸ்யூல் அதையே திரும்பச் செய்ய வேண்டாம். பிக்சல் ஆர்ட் (சின்னச் சதுரப் புள்ளிகளால் வரைந்த) கேம் என்றால் கேமின் உருவங்களையே பெரிதாக்கி கேப்ஸ்யூல் செய்வது பொருந்தும் என்று தோன்றுகிறது, ஆனால் நான் அப்படி ஒரு கேம் செய்ததில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன். பிளே ஸ்டோர் அனுபவமும் எனக்கு இல்லை, அங்கே 512க்கு 512 ஐகான்தான் முன்னால் நிற்கிறது என்பதால் கணக்கே வேறாக இருக்கலாம். ஏஐ வழிக்கு நாங்கள் போகவில்லை. போகிறவர்கள் ஸ்டீமில் அதை அறிவிக்க வேண்டும், அது கடைப் பக்கத்திலும் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இப்போது காசு இல்லை என்றால் ஸ்கிரீன்ஷாட்டிலேயே ஆரம்பியுங்கள், பக்கம் திறந்து விஷ்லிஸ்ட் (பிறகு வாங்க ஆட்கள் குறித்துவைக்கும் பட்டியல்) சேரட்டும். பெயரை மட்டும் தனி லேயரில் வையுங்கள், ஆளுக்குப் பின்னால் வெளிச்சத்தை வையுங்கள், 120க்கு 45க்குச் சுருக்கி வீட்டில் கேம் விளையாடாத ஒருவரிடம் காட்டுங்கள். என் அம்மாவிடம் புதுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடாமலேயே "படகு, விளக்கு, யாரோ பெரியவர்" என்றார்.