'72 மணிநேர அவசரப் பை': கொழும்பு வீட்டுக்கு இதில் எத்தனை சாமான் உதவும்?

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், மூன்று நாள் சமாளிக்கவென்று விற்கும் இந்த அவசரப் பையின் விளம்பரம் கைபேசியில் வந்து நிற்கும். சிவப்புப் பை, வெள்ளைச் சிலுவை, "100க்கு மேற்பட்ட பொருட்கள்" என்ற வாசகம். ஒன்லைனிலும் சரி, புறக்கோட்டையிலும் சரி, பெயர் மாறினாலும் உள்ளே இருப்பவை கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை கடைக்குக் கடை மாறுவதால் எழுதவில்லை. உள்ளே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த நூறு. பிளாஸ்டர், அற்ககோல் துடைப்பான், ஊக்கு, பஞ்சுக் குச்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் அந்தக் கணக்கு வருகிறது. அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது பதினைந்து, இருபது சாமான். அதிலும் பாதி மலையேறிகளுக்கானவை: தீமூட்டும் உலோகக் குச்சி, திசைகாட்டி, வெள்ளித்தாள் போர்வை, கயிற்று வளையல். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கடல் எந்தப் பக்கம் என்று தேடப் போகிறோமா?

கொழும்புக்கு வரும் அவசரம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 2022இல் பார்த்த மின்வெட்டு. அந்த ஆண்டு மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. மற்றது 2016 மே மாதமும், 2025 நவம்பரில் டித்வா புயலோடும் வந்ததுபோல களனி ஆறு பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள் நுழையும் தண்ணீர். முதலாவதில் வீட்டிலேயே இருப்போம், இரண்டாவதில் வீட்டை விட்டுப் போவோம். இரண்டுக்கும் ஒரே பை என்பதிலேயே பிசகு தொடங்குகிறது.

பையிலேயே கவர்ச்சியான சாமான் கையால் சுற்றும் ரேடியோ. டோர்ச், சோலர், கைபேசி சார்ஜர் எல்லாம் ஒன்றாக. கையால் சுற்றினால் 2, 3 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 4,500 எம்ஏஎச் கைபேசி பற்றரி ஏறத்தாழ 17 வாட்-மணி (ஒரு வாட்டில் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு வாட்-மணி). அதை நிரப்ப ஆறு மணிநேரமாவது விடாமல் சுற்ற வேண்டும். அதற்குள் பிளாஸ்டிக் கைபிடி கழன்றுவிடும். "வானிலை அலைவரிசை" என்று பெருமையாக அச்சிட்டிருப்பது 162 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் அமெரிக்கச் சேவை, இங்கே இரைச்சல் மட்டும்தான் கேட்கும். நமக்குச் செய்தி எஃப்எம்மில் வருகிறது. இரண்டு ஏஏ பற்றரியில் ஓடும் சின்ன ரேடியோ போதும். பற்றரியை உள்ளே போட்டு வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும்.

தண்ணீர் உறிஞ்சும் வடிகட்டிக் குழாயை வாங்கவே வேண்டாம். அதன் நுண்துளை பக்டீரியாவைத் தடுக்கும். வைரஸையோ, கரைந்த இரசாயனத்தையோ தடுக்காது. வெல்லம்பிட்டியில் நிற்கும் வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கராஜ் எண்ணெயும் கலந்திருக்கும். அதை எந்தக் குழாயாலும் குடிக்கக்கூடாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீட்டர் என்றால், ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 45 லீட்டர். 19 லீட்டர்ப் போத்தல் இரண்டும், சின்னப் போத்தல் சிலவும் வைத்தால் கணக்குச் சரி. தொடர்மாடியில் கரண்ட் போனால் பம்ப் நின்று மேல் தாங்கியும் காலியாகும் என்பதால் கழிப்பறைக்கு வேறாக வாளிகளில் பிடித்து வைக்க வேண்டும். அவற்றை மூடி வைக்காவிட்டால் டெங்கு நுளம்பை நாமே வளர்ப்போம்.

தனியாக வாங்கத் தகுந்தது பவர் பேங்க். ஏமாற்று மிகுந்ததும் அதுதான். 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் அளந்தது, அதாவது 74 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது இழப்புப் போக 12,000 முதல் 13,000 வரைதான் கைக்கு வரும். மேலே சொன்ன கைபேசியை ஏறத்தாழ மூன்று தடவை நிரப்பலாம். போலியைப் பிடிக்கத் தராசு போதும். 2,500 எம்ஏஎச் உருளைப் பற்றரி ஒன்று ஏறத்தாழ 45 கிராம், எட்டுப் போட்டால் 360 கிராம். "20,000" என்று எழுதி 200 கிராம் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2022இல் வாங்கிய ரீசார்ஜ் விசிறிகள் எத்தனை வீட்டில் அல்மாரிக்கு மேல் செத்துக் கிடக்கின்றன! மலிவான விசிறிகள் பலவற்றில் ஈய அமிலப் பற்றரி இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜே பிடிக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட முடியாதவர்கள் வாங்காமலிருப்பதே இலாபம். எதையும் வாங்குமுன், யார் இதை, எந்தத் திகதியில் சார்ஜ் போடப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அது காட்சிப்பொருள்தான். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனதும் தானாகக் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி) பயன்படும்: 32 வாட்-மணி, 9 வாட் ரவுட்டர் என்றால் மூன்று மணிநேரம். பவர் ஸ்டேஷன் என்ற பெரிய பற்றரிப் பெட்டியை ரைஸ் குக்கருக்கென்று வாங்குகிறவர்கள் இதையும் கணக்குப் போடட்டும்: 700 வாட் குக்கர் அரை மணிநேரத்தில் 350 வாட்-மணி குடிக்கும். சின்ன கேஸ் அடுப்பு அந்த வேலையை முடிக்கும். ஆனால் யன்னலைத் திறந்து வைத்துத்தான். ஜெனரேட்டரை பல்கனியில் வைப்பது அதைவிட ஆபத்து. அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட் நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.

சாப்பாட்டுக்குப் பையிலிருக்கும் ரேஷன் கட்டியை விட சமபோஷ என்ற தானிய மா மேல். வேகவைக்க வேண்டாம், சீனியும் தண்ணீரும் விட்டுப் பிசைந்தால் பிள்ளைகளும் சாப்பிடும். டின் மீன், கிராக்கர், அவல். வழமையாகச் சாப்பிடுவதையே இரண்டு பங்கு வைத்து, பழையதை முதலில் எடுத்தால் காலாவதியும் ஆகாது.

வெள்ளம் வந்து வீட்டை விட்டுப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை பெரும்பாலும் கடையில் விற்பவையல்ல. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கிளினிக் கொப்பி; இவை ஸிப் வைத்த பொலித்தீன் பைக்குள். பிரஷர், சீனி மருந்து ஒரு வாரத்துக்கு. வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் ஜீவனி நாலைந்து பைக்கற், ஒன்றை ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்து 24 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும். சில்லறைக் காசு. பையில் தரும் மெல்லிய கையுறைக்குப் பதிலாக முழங்கால் வரை வரும் இறப்பர் சப்பாத்து வேண்டும், ஏனென்றால் எலிக்காய்ச்சல் காலில் உள்ள கீறல் வழியாகவும் வரும். தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதற்குச் செலவே இல்லை.

மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. விசிலும் சுருள் பண்டேஜும் மழைக்கோட்டும் உருப்படி, மற்றவை இடத்தை அடைப்பவை. சப்பாத்தும் கயிறும் பழைய சோனகர் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கேளுங்கள், டோர்ச்சுக்கு முதலாம் குறுக்குத் தெரு. டோர்ச்சைக் கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். தலைப்பகுதி கை பொறுக்காத சூடு ஏறினால் வேறொன்றைக் காட்டச் சொல்லலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்ஸுக்கு 1990 இரண்டையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள், கைபேசி செத்தால் இலக்கமும் அதோடு போய்விடும்.