சுகவாழ்வு மையம் (பால்வினை நோய் கிளினிக்), எங்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரி: ஐந்துக்கு நாலு ஸ்டார்

நான் டூவீலர் மெக்கானிக். உள்ளங்கையில் செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்தபோது கிரீஸ் அலர்ஜி என்றுதான் நினைத்தேன். காசு கொடுத்துப் பார்த்த தோல் டாக்டரும் அதையே சொன்னார். மூன்று ஆயின்ட்மென்ட், ஒரு ஜோடி கையுறை, நாலாயிரம் ரூபாய். அரிப்பே இல்லையே என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அப்புறம் பின்னந்தலையில் எலி கடித்த மாதிரி அங்கங்கே முடி கொட்ட ஆரம்பித்தது.

அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.யில் கையைப் பார்த்ததும் இந்த மையத்துக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தம்பி, செருப்பைக் கழட்டுங்க" என்றார். உள்ளங்காலிலும் அதே பொட்டு! நான் கவனித்ததே இல்லை. "காலாலயா வண்டி ரிப்பேர் பண்றீங்க?" என்றார்.

சிபிலிஸ். நம் பாட்டிமார் சொல்லும் மேகப்புண். சில மாதம் முன்பு கீழே ஒரு புண் வந்து, வலிக்காமல் தானாக ஆறிப்போனது, அதுதான் ஆரம்பமாம். எங்கே வாங்கி வந்தேன் என்பதை உள்ளே கேட்டார்கள், சொன்னேன். இங்கே எழுதப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022-ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் 80 லட்சம் பேருக்கு இது புதிதாக வந்திருக்கிறது. 2020-ல் 71 லட்சம். அவ்வளவு பேரில் எத்தனை பேர் என்னைப் போல ஆயின்ட்மென்ட் தேய்த்துக்கொண்டிருந்தார்களோ.

மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். மனைவியையும் கூட்டிவரச் சொன்னார். அந்த வாரம் வீட்டில் நடந்தது என் பாடு. ஆனால் அவளிடம் அவர் தனியாக, நிதானமாகப் பேசியதற்கே ஒரு ஸ்டார் தரலாம். அவளுக்கும் ரத்தம் எடுத்து ஊசி போட்டார்கள். பக்கத்திலேயே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. டெஸ்ட்டும் முடிந்தது, இருவருக்கும் இல்லை. எல்லாம் இலவசம்.

ஊசி பென்சிலின், 24 லட்சம் யூனிட். முதலில் டெஸ்ட் டோஸ், பிறகு இரண்டு பக்கப் பிட்டத்திலும் பாதிப் பாதி. பால் மாதிரி கெட்டி மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரலாம், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். வந்தது, மறுநாள் போய்விட்டது. ரத்தப் பரிசோதனையில் 1:64 இருந்தது ஆறு மாதத்தில் 1:8-க்கு இறங்கிவிட்டது, அதாவது மருந்து வேலை செய்திருக்கிறது.

ஒரு ஸ்டார் குறைத்தது வாசலுக்காக. வழி கேட்டால் செக்யூரிட்டி, "பால்வினையா? அந்தப் பக்கம்!" என்று எக்ஸ்ரே வரிசைக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பைக்கில் போகாதீர்கள். ஊசி போட்டபின் சீட்டில் உட்கார முடியாது.