கிற்றாரின் எஃப் கோர்ட்டில் மனம் உடைந்தவர்களுக்கு: வகுப்பா, போனா, கூட்டமா?

போன கிழமை வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியின் மகள் இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அண்ணா, கிற்றாரை விக்கப் போறன். நாலு மாசமா எஃப் கோர்ட் வருதே இல்லை. எனக்கு இது சரிவராது போல கிடக்கு."

கோர்ட் என்பது பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரற்பிடி. "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட மனம் வரவில்லை. அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். 2022 இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில்தான் கிற்றார் வாங்கினேன். கரண்ட் இல்லாமல் செய்யக்கூடியது அது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு வருடங்களில் மூன்று தடவை அதை உறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். மூன்று தடவையும் இறக்கி எடுத்தேன். முதல் தடவை ஒரு வகுப்பு, அடுத்த தடவை போனில் ஒரு செயலி, கடைசித் தடவை ஒரு பாட்டுக் குழு. அந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எது நன்றாகக் கற்றுத்தரும் என்பது வேறு கேள்வி. எவ்வளவு வாசித்தாலும் கை அங்கேயே நிற்பது போலத் தோன்றும் அந்த மாதங்களில் எது எங்களை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதே இங்கே என் கேள்வி.

முதலில் கிற்றாரைப் பாருங்கள்

நாலு மாதமாக எஃப் வரவில்லை என்றால் விரலைச் சந்தேகிக்க முன் கிற்றாரைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். சுட்டுவிரலை முதலாவது ஃப்ரெட்டில் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிப்பது எஃப். கழுத்தின் நுனியில் கம்பிகள் தாண்டிப் போகும் சின்னக் கட்டைக்கு நட் என்று பெயர். அந்த நட்டில் வெட்டிய பள்ளங்கள் ஆழம் போதாவிட்டால் முதலாவது ஃப்ரெட்டில் கம்பி உயர்ந்து நிற்கும்; வருடக்கணக்கில் வாசித்தவர்களுக்கே அங்கே எஃப் பிடிக்கக் கஷ்டமாக இருக்கும். சோதிப்பது சுலபம். எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வியான கேப்போவை முதலாவது ஃப்ரெட்டில் போட்டுவிட்டு, அதே வடிவத்தை இரண்டாவது ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள். சட்டென்று இலகுவானால் குறை நட்டில்தான்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு அடிமட்டத்தையும் வைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பிக் கிற்றாரில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 2 முதல் 2.5 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் நல்லது. 4 மில்லிமீற்றர் என்றால் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் மரம் ஊதி, கம்பி தானாகவே உயர்வதும் உண்டு. கடற்கரையோரத் தொடர்மாடிகளில் உப்புக்காற்று கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்கவைக்கும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன பிறகு பலர் துருப்பிடித்த கம்பியையே வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பி விரலைக் கிழிக்கும், சுருதியிலும் நிற்காது. புதுக் கம்பி வாங்கும்போது 0.012 அங்குலத் தடிப்பில் தொடங்கும் கட்டுக்குப் பதிலாக, அதைவிட மெல்லியதாக 0.010 இல் தொடங்குவதைக் கேளுங்கள். இந்த ஒரு மாற்றம் ஒரு மாதப் பயிற்சியை விட அதிகம் உதவியதை என் கையிலேயே கண்டேன்.

சரி, இனி மூன்று வழிகள்.

வகுப்பும் கிரேட் பரீட்சையும்

கொழும்பில் பெற்றோரைக் கேட்டால் முதலில் வரும் பதில் இது. ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு லண்டன் அமைப்புகளின் கிரேட் பரீட்சைகளுக்கு இங்கே நீண்ட கால மதிப்பு இருக்கிறது. முதலாம் கிரேட்டிலிருந்து எட்டாம் கிரேட் வரை படிப்படியாக ஏறலாம். ட்ரினிட்டியில் 100 க்கு 60 எடுத்தால் சித்தி, 75 க்கு மெரிட், 87 க்கு டிஸ்டிங்ஷன். மண்டபத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து காணொளி எடுத்து அனுப்பி எழுதவும் இப்போது முடியும்.

சோர்வுக்கு எதிராக இந்த வழியிடம் இருக்கும் பெரிய பலம் திகதிதான். பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று, நாள் குறித்தாயிற்று. இன்றைக்கு மனம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டாவது பலம் கற்றுத்தரும் சேர். எனக்கு இடது கைக் கட்டைவிரல் வலித்துக்கொண்டே இருந்தது. பழகினால் சரியாகும் என்று மாதக்கணக்காகப் பொறுத்திருந்தேன். முதலாவது வகுப்பிலேயே சேர் பார்த்துவிட்டு, "முழங்கையை உடம்போட ஒட்டிவைக்காதையுங்கோ, கொஞ்சம் விடுங்கோ" என்றார். அடுத்த கிழமை வலி பாதியானது. உங்களை நேரில் பார்க்கும் ஒருவரால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

ஆனால் வளர்ந்தவர்கள் பலர் இந்த வழியில் நின்றுபோவதற்கும் காரணம் உண்டு. ஒருவர் கிற்றார் வாங்குவது தனக்குப் பிடித்த பாட்டைப் பாடிக்கொண்டே வாசிக்க. வகுப்புக்குப் போனால் கிளாசிக்கல் பாடத்திட்டம்: நைலோன் கம்பி, காலுக்கு ஒரு சின்னப் பலகை, எந்நாளும் கேட்டிராத மூன்று இசைத் துண்டுகள். அவை அழகான இசைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்பது மாதம் உழைத்த பிறகு வீட்டு விசேஷத்தில் "ஒரு பாட்டு வாசியுங்கோவன்" என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. அங்கேதான் மனம் விழுகிறது. ட்ரினிட்டியிலேயே ரொக் அண்ட் பொப் என்று தனிப் பிரிவு இருக்கிறது. வகுப்பில் சேர முன் எந்தப் பாடத்திட்டம் என்று கேட்டுவிடுங்கள்.

பரீட்சை முடிந்த மறுநாளும் ஒரு ஆபத்து. அதுவரை இழுத்துக்கொண்டு வந்த கயிறு அறுந்துபோகும். என் கிற்றார் இரண்டாம் தடவை அலுமாரிக்கு மேல் ஏறியது ஒரு சித்திச் சான்றிதழ் வந்த கிழமையில்தான். பிள்ளைகளுக்கு இதே முறிவு சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் வருகிறது. ஒரு வருடத்துக்கு நிறுத்தச் சொல்கிறோம். பிறகு பலர் அதைத் தொடுவதே இல்லை.

போன்

இது மலிவு, எந்த நேரமும் கையில் இருக்கிறது, யாருக்கும் முன்னால் கூச்சப்பட வேண்டியதில்லை. இணையத்தில் கிற்றார் கற்றுத்தரும் ஜஸ்டின் சாண்டர்கோவின் இலவசப் பாடங்கள் தொடக்கக்காரருக்கு ஒழுங்கான வரிசையில் இருக்கின்றன. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கோர்ட்களுக்கு நடுவே எத்தனை தடவை மாறமுடிகிறது என்று எண்ணும் பயிற்சியை அவரிடம்தான் கற்றேன். யூசிஷியன் போன்ற செயலிகள் மைக் வழியாகக் கேட்டு உடனே புள்ளி போடும்.

தினமும் கொஞ்சம் என்ற பழக்கத்தை எனக்குத் தந்தது போன்தான். அது சின்ன விஷயமில்லை. 2002 இல் மத்தியூ வோக்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், விரல்களால் ஒரு எண் வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு, இடையில் பயிற்சியே இல்லாமல், சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். நேற்று வராத கோர்ட் இன்று காலை கொஞ்சம் வருவதற்குக் காரணம் இதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதை விட, ஏழு நாளும் தூங்கப் போக முன் இருபது இருபது நிமிடம் உட்காருவது மேல்.

ஆனால் மனம் சோர்ந்த நாளில் போன் எங்களைத் தேடி வராது. நினைவூட்டல் வரும், அதைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். எழுபது நாள் தொடராக வாசித்துவிட்டு ஒரு காய்ச்சலில் மூன்று நாள் விடுபட்டதும், எண் பூச்சியத்துக்குப் போனது. அதோடு நானும் நின்றுவிட்டேன். ஒரு கோர்ட்டைப் பிழையாகப் பிடித்தாலும் சத்தம் சரியாக வந்தால் செயலி பச்சை காட்டும். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

போனின் மிகப் பெரிய உதவி ஒலிப்பதிவுதான் என்பது என் எண்ணம். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அதே பாட்டைப் பதிந்து வையுங்கள், திருத்தாமல், ஒரே தடவையில். எங்கள் காது விரலை விட வேகமாக வளர்கிறது. அதனால் கை முன்னேறிக்கொண்டிருந்தாலும் காதுக்குப் பிழைகள்தான் கூடுதலாகக் கேட்கும். நாலு மாதத்துக்கு முந்தைய பதிவைக் கேட்டால்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

கூட்டம்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் ஒருவன் டிசம்பர் கரோலுக்குத் தன் தேவாலயப் பங்கின் பாட்டுக் குழுவில் ஒரு கிற்றார் குறைகிறது என்று கூப்பிட்டான். நான் சைவக் குடும்பம், கையில் இருந்ததோ ஜி, சி, டி, ஈ மைனர் என்ற நாலு கோர்ட்டும்தான். இரண்டையும் சொன்னேன். "அது காணும், வாரும்" என்றான்.

முதல் நாள் எஃப் சுருதியில் ஒரு பாட்டு வந்தது. வியர்த்துவிட்டது. குழுவை நடத்தும் அக்கா என் கிற்றாரை வாங்கி மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி, "இப்ப டி வடிவத்தைப் பிடியும், எஃப் சத்தம் வரும்" என்றார். பிறகு அவர் சொன்ன ஒரு சொல்லை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்: "தெரிஞ்ச இடத்தில வாசியும். தெரியாத இடத்தில சும்மா கம்பியைத் தட்டும். ஆனா வலக்கை நிக்கக்கூடாது."

தனியாக வாசிக்கும்போது ஒவ்வொரு பிழையிலும் நின்று, பின்னால் போய், மறுபடி தொடங்குவேன். அதனால் என் கை நன்றாகப் பழகியது நிற்பதைத்தான். பதினைந்து பேர் பாடிக்கொண்டிருக்கும்போது நிற்க முடியாது. பாட்டு போய்க்கொண்டே இருக்கும், ஓடிப்போய் ஏற வேண்டும், ஓடும் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. ஆறு கிழமையில் எனக்கு வந்த தாளம் அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் வரவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. இளையராஜா தானே கிற்றார் வாசித்தவர். அவருடைய கோர்ட் நகர்வுகள் தொடக்கக்காரருக்கு மலையேற்றம். முதலாவது பாட்டாக அதை எடுத்துவிட்டு "எனக்கு வராது" என்று முடிவு கட்டுகிறோம். கூட்டத்தில் பாடுபவை அப்படியில்லை. ஒரு கீதமோ, இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவோ, ஏ. ஈ. மனோகரன் காலத்துத் துள்ளிசைப் பொப் பாட்டோ, பல பாட்டுக்கள் மூன்று நாலு கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். பைலாவின் ஆறு எட்டுத் தாளம் மட்டும் வலக்கைக்குக் கொஞ்சம் வேலை வைக்கும். ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு-ஐந்து-ஆறு என்று வாயால் எண்ணி, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம் கொடுத்துக் கீழே தட்டிப் பழகினால் கை பிடித்துக்கொள்ளும். சுற்றியிருப்பவர்கள் கைதட்டத் தொடங்கினால் இன்னும் சீக்கிரம்.

இந்த வழியிலும் குறை உண்டு. கூட்டத்தில் பிழையான பழக்கம் மறைந்துகொள்ளும். என் கட்டைவிரலை அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்று கோர்ட் போதும் என்று வருடக்கணக்காக அங்கேயே இருந்துவிடவும் முடியும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலை முடிந்து இரண்டு பஸ் மாறிப் போய், இரவு ஒன்பதரைக்குத் திரும்புவது எல்லாருக்கும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, இலகு இல்லை. கூட்டம் கரையவும் செய்யும். நான் சேர்ந்தபோது கிற்றார் வாசித்த நாலு பேரில் ஒருவன் கனடாவில், ஒருத்தி மெல்பேர்னில். அவர்கள் போன கிழமைகளில் பயிற்சிக்குப் போகவே கால் வரவில்லை.

ஆனாலும் என் தெரிவு இதுதான். வகுப்பை விட்டால் என் பணம் போகிறது, செயலியை விட்டால் ஒரு எண் போகிறது. வெள்ளிக்கிழமை நான் போகாவிட்டால் அங்கே ஒரு கிற்றார் குறையும். "ஏன் வரேல்லை, சுகமில்லையோ?" என்று ஒருவர் கேட்பார். சோர்ந்த மாதங்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கேள்வி.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதே வரிசையைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வகுப்புத்தான் முதலில், ஆனால் மாதம் ஒரு பாட்டாவது பிள்ளை கேட்கும் பாட்டாக இருக்க வேண்டும். கை வலியோ மரப்போ இருப்பவர்கள் வேறெதற்கும் முன் ஒரு நல்ல சேரிடம் நாலு வகுப்பாவது போக வேண்டும். வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், இரவு வேலை செய்பவர்கள் போனை வைத்துக்கொண்டு, இதே நிலையில் இருக்கும் ஒரே ஒருவரைக் கண்டுபிடித்து, ஞாயிறு தோறும் ஒருவருக்கொருவர் பதிவு அனுப்பிக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்தாலே அது கூட்டம்தான்.

தங்கச்சியின் கிற்றாரைச் சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 4 மில்லிமீற்றருக்கு மேல், கம்பி முழுக்கத் துரு. நாலு மாதம் அதோடு போராடியிருக்கிறாள், பாவம். கம்பியை மாற்றி, கிற்றாரைத் திருத்தக் கொடுத்திருக்கிறோம். விற்பதா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. வரும் வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு என்னோடு வந்து பார்க்கிறேன் என்றாள். திரும்பும்போது நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சித்தியிடமும் சொல்லியாயிற்று.