பிளஸ் டூ மார்க்கா, நீட்டா, இயல்திறன் தேர்வா: மருத்துவ இடத்துக்கு எது நியாயமான அளவுகோல்?

குமரி மாவட்டம் ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்கே யாரைச் சேர்ப்பது என்பதற்கான அளவுகோலோ அதற்குள் இரண்டு முறை மாறிவிட்டது. முதலில் பிளஸ் டூ மார்க்கும் மாநில நுழைவுத் தேர்வும் சேர்ந்த கட்-ஆஃப் இருந்தது. 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மார்க் மட்டும் போதுமானதாக இருந்தது. 2017 முதல் நீட். குமரி மாவட்டப் பள்ளிகளில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், ஒவ்வொரு முறையையும் நான் ஒரே கேள்வியைக் கொண்டுதான் எடைபோடுகிறேன்: இதில் வசதியுள்ள வீடு எதை விலைக்கு வாங்கலாம், வாங்கியது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்த்த காலம் குறையற்ற காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு நம் மாவட்டத்திலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். அங்கே பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். கட்-ஆஃப் 200-இல் அரை மார்க்கில் இடம் தவறிய கிராமத்துப் பிள்ளைக்கு இது அநீதிதான். இதற்கு மருந்தான பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18 கல்வியாண்டில் வந்தது. ஆனால் மருத்துவச் சேர்க்கையில் பள்ளி மார்க் செல்லாததாகிப்போனதும் அதே 2017-இல்தான். இரண்டு ஆண்டு மார்க்கையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண், சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு மைனஸ் ஒன்று. இப்போது நேரம் 180 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். இது எதைச் சோதிக்கிறது என்பதை ஒரு மாதிரித் தேர்வின்போது அருகிலிருந்து பார்த்தேன். கடற்கரை ஊர் மாணவி ஒருத்தி எறிபொருள் இயக்கக் கணக்கு ஒன்றை எடுத்து, படம் வரைந்து, திசைவேகத்தைக் கூறுகளாகப் பிரித்து, படிப்படியாக எழுதி, நான்காம் நிமிடத்தில் சரியான விடைக்கு வந்தாள். பக்கத்தில் இருந்த மாணவன், திருவனந்தபுரத்தில் ஓராண்டு கோச்சிங் முடித்தவன், கணக்கைப் போடவே இல்லை. நான்கு விடைகளின் பரிமாணத்தையும், அதாவது அலகுகள் பொருந்துகின்றனவா என்பதைச் சரிபார்த்து, பொருந்தாத மூன்றை அடித்துவிட்டு, அரை நிமிடத்தில் வட்டத்தைக் கருப்பாக்கினான். அவன் செய்ததும் அறிவுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உத்தியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல.

கோச்சிங் சென்டர் உண்மையில் விற்பது பாடத்தை அல்ல, இன்னொரு ஆண்டை என்பதே என் கணிப்பு. களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கும், கோட்டயம் மாவட்டத்துப் பாலாவுக்கும் பிளஸ் டூ முடித்த பிள்ளையை அனுப்பி, விடுதிச் செலவையும் ஏற்று, ஓராண்டு வருமானமில்லாமல் காத்திருக்கக்கூடிய வீடே அந்த ஆண்டை வாங்க முடியும். நீட்டின் தாக்கத்தை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் ரிப்பீட்டர்களின், அதாவது மறுபடி தேர்வு எழுதியவர்களின், பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21-இல் 71.42 விழுக்காடாக உயர்ந்தது. ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். நீட் தேர்வுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

பாடத்தையே கேட்காமல் இயல்திறனை மட்டும் சோதித்தால் கோச்சிங்குக்கு வேலை இருக்காதே என்று சிலர் கேட்கிறார்கள். அயர்லாந்து 2009-இல் அப்படித்தான் எச்பாட் என்ற தேர்வைக் கொண்டுவந்து, பள்ளி இறுதித் தேர்வுப் புள்ளிகளோடு சேர்த்தது. தர்க்கம், பிறர் மனநிலையைப் புரிந்துகொள்ளுதல், வடிவங்களின் ஒழுங்கைக் கண்டறிதல் என மூன்று பகுதிகள். அங்கும் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. மறுபடி எழுதியவர்களின் மதிப்பெண் மூன்றாம் பகுதியில் கூடுதலாக ஏறியதால் அந்தப் பகுதியின் எடையைக் குறைக்க வேண்டியதாயிற்று. பள்ளி மார்க்கை அவர்கள் தூக்கி எறியாமல் கூடவே வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நாம் கவனிக்கலாம்.

என் கணக்கில் இதுவரை பலன் தந்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. ஒரேவிதமான வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் போட்டியிடுவதால், நீட் மதிப்பெண்ணே அங்கு ஓரளவு நேர்மையான அளவுகோலாகிவிடுகிறது. முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். இந்தச் சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்ந்து ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற விதி, அரசு உதவி பெறும் பள்ளிகளை வெளியே நிறுத்துகிறது. மற்ற மாவட்டங்களைவிட நமக்கு இது பெரிய அடி. இங்கே கடற்கரையிலும் மேற்கிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் படிப்பது திருச்சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில்தான். அரசு சம்பளம் தரும் ஆசிரியர்கள், அதே பாடநூல், அதே சத்துணவு.

மாதிரித் தேர்வில் நான் பார்த்த அந்த மாணவியும் அத்தகைய பள்ளியில் படித்தவள். தலைச்சுமையாக மீன் விற்கும் அவள் தாய் என்னிடம் கேட்டார்: “இங்கயும் பீஸு கெட்டாமத்தானே சாரே படிச்சா, பெறவு ஏன் இல்லேங்காவ?” பள்ளியின் நிர்வாகம் யாருடையது என்பதைத்தான் விதி பார்க்கிறது, வீட்டு வருமானத்தை அல்ல என்று விளக்கினேன். நீட் தேர்வுக்கு முயற்சி வரம்பு விதிப்பது டெல்லியின் கையில். உதவி பெறும் பள்ளிகளை 7.5-க்குள் கொண்டுவருவதோ, அவற்றுக்கெனத் தனி ஒதுக்கீடு தருவதோ சட்டமியற்றிய சென்னையின் கையில் இருக்கிறது. அவள் மறு ஆண்டு நீட் எழுதவில்லை, நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள்.