விறகடுப்பு வைக்கப் போகிறீர்களா? அடுப்பைத் தேடும் முன் கூரையைப் பாருங்கள்

ஊரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இப்போது கேஸ் மேடையோடு நிற்பதில்லை, பின்பக்கம் ஒரு விறகடுப்பும் வேண்டும் என்கிறார்கள். வெந்நீர், நெல் அவிக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, திருவிழாவுக்கு வந்து இறங்கும் சொந்தக்காரக் கூட்டம் என்று இதற்கெல்லாம் சிலிண்டரைக் காலி செய்ய யாருக்கும் மனசு வருவதில்லை. நியாயம்தான். ஆனால் எல்லோரும் "எந்த அடுப்பு நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். "புகை எந்த வழியாக வெளியே போகும்?" என்று கேட்டால் பாதி பேருக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். கூரை ஓடா, தளமா, தகரமா, கீற்றா என்று தெரியாமல் அடுப்பு வாங்கக் கூடாது.

கையில் இருக்கும் வழிகள் மொத்தம் நாலு: புகைபோக்கி வைத்துக் கட்டும் மண்ணடுப்பு, தூக்கி வைக்கக்கூடிய ராக்கெட் அடுப்பு, மரத்தூளை அமுக்கிச் செய்த சின்னச் சின்ன உருளைகளை (பெல்லட்) எரிக்கும் ஃபேன் வைத்த அடுப்பு, அப்புறம் நம் பழைய கொடியடுப்பையே கொல்லைப்புறக் கொட்டகைக்குக் கொண்டுபோவது. கடைசியைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் பல வீடுகளுக்கு அதுதான் சரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் விறகுக் கணக்கு, ஏனென்றால் விற்கிறவர்கள் இதை வைத்துத்தான் பேசுவார்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் சூட்டைப் பழைய மூணு கல் அடுப்பில் எடுக்க கிட்டத்தட்ட 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும், ஏனென்றால் அந்த அடுப்பில் விறகின் சூட்டில் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது. 25 சதவீதம் தரும் அடுப்பென்றால் அதுவே பாதியாகி 100 கிலோ பக்கம் வந்துவிடும். ஐஎஸ் 13152 என்ற இந்தியத் தரநிலை கேட்பதும் இதைத்தான்: ஃபேன் இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25, ஃபேன் அடுப்புக்கு 35 சதவீதம். ஆக, விறகு மிச்சமாவது உண்மை. ஆனால் அது ஆய்வகத்தில், ஒரே அளவாக வெட்டிக் காயவைத்த விறகில் வந்த எண். மழைக்காலத்தில் நனைந்த தென்னை மட்டையை வைத்து அதே எண்ணை எதிர்பார்த்தால் வராது.

சரி, மண்ணடுப்புக்கு வருவோம். செங்கல்லும் மண்ணுமாக, இரண்டு பாத்திரம் வைக்கிற மாதிரி, பின்னால் புகைக்குழாயோடு கட்டுவது. முன்குழியில் தீ, அங்கிருந்து ஒரு பாதை வழியாக இரண்டாம் குழி, அதற்குப் பின்னால் குழாய். யோசனை ஒன்றும் நமக்குப் புதிதில்லை, நம் கொடியடுப்பிலும் பக்கத்துக் குழிக்குச் சூடு இப்படித்தான் போகிறது, புகைக்கு வழி மட்டும்தான் அதில் கிடையாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு உருவாக்கிய மூன்று பாத்திர அஸ்த்ரா ஒலெ இந்த வகையில் பேர்பெற்றது. மத்திய அரசும் 1983-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, 2002-ல் மாநிலங்கள் கையில் விடுவதற்குள் 3 கோடிக்கும் மேலான அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது. உங்கள் பாட்டி வீட்டில் ஒன்று இருந்திருக்கலாம், அது இடிந்துபோயும் இருக்கலாம்.

ஏன் இடிந்தது என்பதுதான் விஷயம். ஒடிசாவில் இப்படிப்பட்ட அடுப்புகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் நாலு வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் சமைக்கிறவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்கப்புறம் அந்தப் பலன் காணாமல் போனது, ஏனென்றால் விரிசலைப் பூசவில்லை, குழாயைத் துடைக்கவில்லை, போகப் போக அடுப்பைப் பற்ற வைப்பதே குறைந்துவிட்டது. கட்டிய கொத்தனார் போன பிறகு அடுப்பைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் இல்லையென்றால் இந்த வகையை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பார்த்துக்கொள்வேன் என்கிறவர்களுக்கு இதைவிட நல்லது வேறில்லை. நாலில் வீட்டுக்குள் வைக்கத் தகுந்தது இது ஒன்றுதான், புகையோடு கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் குழாய் வழியே வெளியே போவதால். ஆனால் ஒரு சின்ன விஷயத்தில் எல்லாம் கெட்டுப்போகும். ஒரே பாத்திரம் வைத்துச் சமைக்கும்போது இரண்டாம் குழி திறந்து கிடந்தால், குழாய் அடுப்புப் புகையை இழுப்பதை விட்டுவிட்டு அடுக்களைக் காற்றை இழுக்கும், முன்வாயில் புகை கக்கும். உடனே "இந்த அடுப்பு சரியில்லை" என்று பேர் வந்துவிடும். இரண்டாம் குழியில் எப்போதும் ஒரு தவலைத் தண்ணீர் உட்கார்ந்திருக்க வேண்டும், வெந்நீரும் ஆச்சு. பாத்திரத்தின் அடி குழி விளிம்பில் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்பதும் முக்கியம், அதனால் உங்கள் வீட்டுச் சட்டியையும் அண்டாவையும் கொத்தனார் முன்னால் கொண்டுவந்து வைத்து அளவெடுத்துக் குழி போடச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு சிமெண்ட் வேண்டாம், தீ படும் இடத்தில் வெடித்துக் கொட்டும். புற்றுமண்ணோடு உமியும் சாணமும் பிசைந்து பூசினால் விரிசல் குறைவு, விட்டாலும் நீங்களே பூசிக்கொள்ளலாம். குழாயின் அடியில், சுவர் ஓரமாக, ஒரு செங்கல்லைப் பூசாமல் சும்மா செருகி வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை அதை உருவி, மேலிருந்து கயிற்றில் கட்டிய தேங்காய் நார்க் கொத்தை இறக்கினால் கரியெல்லாம் கீழே வந்து விழும். அந்த வாய் வைக்காத குழாயை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள், செய்யவும் முடியாது.

குழாய் எது என்பதில்தான் அதிகம் விளையாடுகிறார்கள். பிவிசி பைப் போடுகிற ஆட்களும் உண்டு. அது உருகும், உருகும்போது நச்சுப்புகை விடும், பேச்சே வேண்டாம். அரசுத் திட்டத்தில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்தான் கொடுத்தார்கள், இன்னும் சில கடைகளில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அறுக்கும்போது பறக்கும் அந்தத் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய் கொண்டுவரும் சரக்கு, சூட்டில் குழாய் விரிசல் விடவும் செய்யும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை அடுப்பை ஒட்டிய முதல் பகுதியில் போடாதீர்கள். செங்கல்லில் கட்டிய புகைக்கூண்டு, சுட்ட மண் குழாய், எஸ்எஸ் (எவர்சில்வர்) பைப், இந்த மூன்றில் ஒன்று. வீட்டு அடுப்புக்கு நாலு அங்குல விட்டத்துக்குக் குறையாமல். வளைவு வேண்டுமென்றால் சாய்வாக வளையுங்கள், குழாயைப் படுக்கப் போட்டால் இழுவை செத்துவிடும்.

உயரத்துக்கு அமெரிக்காவில் விறகடுப்புக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு இங்கும் பொருந்தும்: கூரையைத் தாண்டி வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, அதோடு 10 அடி தூரத்துக்குள் இருக்கும் முகடு, சுவர், தண்ணீர்த் தொட்டி எதைவிடவும் 2 அடி அதிகம். மாடிச் சுவரை ஒட்டி அதைவிடக் குட்டையாகக் குழாய் நின்றால், காற்று சுவரில் மோதிக் கீழே அமுக்கும், புகை திரும்பி அடுக்களைக்கே வரும். மழைக்குத் தொப்பி வைக்க வேண்டும், ஆனால் குழாய் வாயை மூடுகிற அளவுக்குத் தாழ்வாக வேண்டாம்.

இப்போது கூரை. தளம் போட்ட வீடு சுலபம்: கம்பி கட்டும்போதே துளைக்கு ஒரு பெரிய உறை விட்டுவிட்டால் பின்னால் கட்டரைக் கூப்பிட வேண்டாம். துளையைச் சுற்றி மொட்டை மாடியில் அரை அடி வரம்பு எழுப்பாவிட்டால் முதல் மழையிலேயே அடுப்பில் தண்ணீர் நிற்கும். ஓட்டு வீட்டில் ஓடு பயமில்லை, ஓட்டுக்குக் கீழே ஓடும் ரீப்பரும் கைமரமும்தான் பயம். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலம் இடைவெளி வேண்டும். அவ்வளவு கிடைக்காது என்றால் நடுவில் வெப்பத்தடுப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய் போட வேண்டும், அதற்கு இரண்டு அங்குலம் போதும், விலை அதிகம். "ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். வருஷக்கணக்காகச் சூடு பட்ட மரம் உள்ளுக்குள்ளே மெல்லக் கருகும், கருகிய மரம் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். ஆபத்து நாளாக நாளாகக் கூடத்தான் செய்யும்.

கீற்றுக் கூரையா? குழாயைக் கீற்று வழியே ஏற்றவே கூடாது. ஒரு பொறி போதும். சுவர் வழியே வெளியே கொண்டுபோய்க் கூரைக்கு எட்டாத தூரத்தில் தனியாக நிறுத்தலாம், ஆனால் அந்தச் செலவுக்கும் வேலைக்கும் அடுப்பையே வெளியே கொண்டுபோகலாம்.

ராக்கெட் அடுப்பு அடுத்தது. 1980-களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வடிவமைத்தது: எல் எழுத்து மாதிரி ஒரு குழாய், கீழ் வாயில் சுள்ளியை நீட்டி வைக்க வேண்டும், தீ செங்குத்தாக மேலே ஏறும். இப்போது இணையத்தில் இரும்பிலும் எஸ்எஸ்ஸிலும் கிடைக்கிறது. மண்ணடுப்போடு வைத்துப் பார்த்தால் இதில் சட்டென்று தீ பிடிக்கும், சுள்ளியும் கொட்டாங்குச்சியும் போதும், வாடகை வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். கண்ணுக்குத் தெரியும் புகையும் நன்றாகவே குறையும். அந்தக் கடைசி வரிதான் வம்பு. புகை தெரியவில்லை என்பதால் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். குழாய் இல்லாத எந்த அடுப்பும், எத்தனை சுத்தமாக எரிந்தாலும், கார்பன் மோனாக்சைடை அறைக்குள்தான் விடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. விளம்பரத்தில் "புகையில்லா" என்று போட்டிருப்பதைக் "காற்றோட்டம் தேவையில்லா" என்று படிக்கக் கூடாது. இன்னொன்று, இது சின்னப் பாத்திரத்துக்கான அடுப்பு. 20 லிட்டர் அண்டாவை மேலே ஏற்றிக் கரண்டி போட்டுக் கிண்டினால் ஒட்டுமொத்தமாகச் சாயும். வெளிப்புறத் தகடும் கொதிக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் தரையில் வைக்காதீர்கள்.

ஃபேன் அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரிவது அருமையாக எரியும், எண்களில் இதுதான் முதலிடம். ஆனால் பெல்லட் வேண்டும், சார்ஜ் வேண்டும், ஃபேன் நின்றால் மற்ற அடுப்பைவிட மோசமாகப் புகையும். 2000-களில் இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் வந்த ஊர்ஜா அடுப்பு நன்றாக விற்றது, பெல்லட் விலை ஏறியதும் வீடுகளில் மூலைக்குப் போனது. உங்கள் ஊரில் பெல்லட் மூட்டை வருஷம் முழுக்கக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். மேலிருந்து நிரப்பும் வகைகளில் தழல் அடங்கி வெறும் கரி மட்டும் கனலும் கடைசிக் கட்டம் உண்டு, கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது அப்போதுதான். சமையல் முடிந்தது என்று அந்த அடுப்பை உள்ளே தூக்கி வைக்கிற பழக்கம் வேண்டாம்.

இப்போது கொல்லைப்புறம். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மூன்று பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகை, காற்று அடிக்கும் பக்கம் மட்டும் இடுப்பளவு சுவர், உள்ளே பழைய கொடியடுப்பு. குழாய் இல்லை, துளை இல்லை, ரீப்பர் பயமில்லை. விறகு அதிகம் தின்னும், சமைக்கிறவர் முகத்தில் புகையும் கொஞ்சம் அடிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. தினமும் மூன்று வேளை விறகில் சமைக்கிற வீட்டுக்கு இதைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு மண்ணடுப்பும் குழாயும்தான். வாரத்தில் ஒரு நாள் கறியும் காலையில் வெந்நீரும் என்றால் இதுவே மேல். இந்தக் கொட்டகைக்குள் ராக்கெட் அடுப்பை வைத்தால் இன்னும் நல்லது, விறகும் மிச்சம். அடுப்புக்கு நேர் மேலே பரண் போட்டு விறகு காயவைக்கிறதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எந்த அடுப்பானாலும் மூன்று விஷயம் மாறாது. கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகடுப்பு கூடாது: எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து வரும், உங்கள் விறகுத் தீ எரிவதும் தரை மட்டத்தில். நிறையப் பேர் இடம் மிச்சம் என்று மேடைக்கு அடியில் சிலிண்டரும் பக்கத்து மூலையில் அடுப்புமாகக் கட்டுகிறார்கள், வரைபடத்திலேயே அதை மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது, புகைபோக்கி அடுப்பு எரியும்போது கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடக் கூடாது. ஃபேன் அறைக் காற்றை வெளியே தள்ள, அதை ஈடுகட்டக் காற்று புகைக்குழாய் வழியாகவே கீழே இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. மூன்றாவது, அடுப்பின் வாய் நடைபாதையைப் பார்க்கக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொள்ளிக்கட்டையில்தான் குழந்தையின் காலும் நைலக்ஸ் சேலை முந்தானையும் படும்.

குழாய் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க, அடுப்பு நன்றாகக் காய்ந்ததும், விறகு வைக்கும் முன், ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி முன்வாயில் காட்டுங்கள். சுவாலை உள்பக்கம் சாய்ந்தால் சரி. நிமிர்ந்தே நின்றாலோ உங்கள் பக்கம் சாய்ந்தாலோ கொத்தனாருக்குப் பாக்கிக் கூலியைக் கொடுக்காமல் குழாயை இன்னும் இரண்டு அடி ஏற்றச் சொல்லுங்கள்.